டியூக் எலிங்டன்: குழுவையே வாத்தியமாக வாசித்தவர்

கேட்கப்பட்ட கேள்வி இது: ஜாஸ் இசைக்குழுத் தலைவரான டியூக் எலிங்டனை அமெரிக்காவின் தலைசிறந்த இசையமைப்பாளர்களுள் ஒருவர் என்கிறார்கள், ஆனால் பியானோ வாசிப்பில் அவர் ஜாஸ் பியானோ மேதை ஆர்ட் டேட்டமுக்கு ஈடாகமாட்டார் என்றும், அவர் பெயரில் வழங்கும் மெட்டுகளில் பல அவருடைய குழுவினர் தந்தவை என்றும் கேள்விப்படுகிறோம், அப்படியானால் அவருடைய சொந்தச் சாதனைதான் என்ன?

இரண்டு குறைகளிலும் உண்மை இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். விரல் வேகத்தில் டேட்டமோடு அவரை ஒப்பிட முடியாது. மெட்டுகளைக் குழுவினரிடமிருந்து வாங்கிக்கொண்டதற்கும் நிறையச் சான்றுகள் உண்டு. ஆனால் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஒரே குழுவைக் கலையாமல் நடத்தி, அந்தக் குழுவில் இருந்த ஒவ்வொருவரின் மூச்சையும் பலவீனத்தையும் பிடிவாதத்தையும் அறிந்து, அவர்களுக்கென்றே ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிகளை ஒருவர் எழுதினார் என்றால், அவரைப் பியானோக் கலைஞர், மெட்டமைப்பாளர் என்று தனித்தனியாகப் பிரித்து எடைபோடுவது சரியாக வராது. அவருடைய வாழ்க்கையைச் சற்று வரிசையாகப் பார்த்தால் இது விளங்கும்.

எட்வர்ட் கென்னடி எலிங்டன் 1899 ஏப்ரல் 29 அன்று வாஷிங்டன் நகரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் எட்வர்ட் செல்வந்தர் வீட்டில் பட்லராகவும், விருந்துகளுக்கு உணவு ஏற்பாடு செய்பவராகவும், பின்னர் கடற்படைக்கு வரைபட நகல் எடுப்பவராகவும் வேலை பார்த்தார். அவருக்கும் தாய் டெய்சிக்கும் பியானோ வாசிக்கத் தெரியும். சிறுவனுக்குப் பியானோ கற்றுக்கொடுக்க வந்த ஆசிரியையின் பெயர் மரியெட்டா கிளிங்க்ஸ்கேல்ஸ். ஸ்வர வரிசையை ('ஸ்கேல்ஸ்') பெயரிலேயே வைத்திருந்த அந்த அம்மையாரின் வகுப்புகளுக்குப் போனதைவிடப் பேஸ்பால் விளையாடப் போனதே அதிகம் என்று எலிங்டன் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். மிடுக்கான உடையும் நடையும் பார்த்து நண்பர் ஒருவர் வைத்த 'டியூக்' என்ற பட்டப்பெயர் வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டது. பதினைந்து வயதை ஒட்டி, ஒரு சிற்றுண்டிக் கடையில் சோடா ஊற்றிக் கொடுக்கும் வேலையில் இருந்தபோது 'சோடா ஃபவுண்டன் ராக்' என்ற முதல் உருப்படியை அமைத்தார். அப்போது அவருக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. ஜேம்ஸ் பி. ஜான்சனின் 'கரோலினா ஷவுட்' என்ற கடினமான உருப்படியை, தானே இயங்கும் பியானோவில் காகிதச் சுருளை மெதுவாக ஓடவிட்டு, கீழிறங்கும் கட்டைகளில் தன் விரல்களைப் பொருத்திப் பொருத்திக் கற்றுக்கொண்டார். ஓவியத்திலும் கை தேர்ந்திருந்ததால் நியூயார்க்கின் பிராட் கலைக் கல்லூரியில் உதவித்தொகையோடு படிக்க வாய்ப்பு வந்தது, அதை விட்டுவிட்டார். கொஞ்ச காலம் விளம்பரப் பலகை எழுதும் தொழிலும் நடத்தினார். நடன நிகழ்ச்சிக்குப் பலகை எழுதச் சொல்லி யாராவது வந்தால், வாசிக்க ஆள் அமைந்துவிட்டதா என்று அப்படியே விசாரித்து வைப்பாராம்.

1923இல் நண்பர்களோடு நியூயார்க் வந்தார். 'வாஷிங்டோனியன்ஸ்' என்ற அந்தச் சிறு குழு தொடக்கத்தில் நாகரிகமான, மென்மையான நடன இசையைத்தான் வாசித்தது. அதை மாற்றியவர் பப்பர் மைலி என்ற ட்ரம்பெட் கலைஞர். கழுவு தொட்டியின் அடைப்பெடுக்கப் பயன்படும் ரப்பர்க் கிண்ணத்தை ட்ரம்பெட்டின் வாயில் வைத்துத் திறந்தும் மூடியும், கூடவே தொண்டையால் உறுமியும், மனிதர் பேசுவதும் அழுவதும் போன்ற ஒலியை அவர் எழுப்பினார். ட்ரிக்கி சாம் நாண்டன் அதையே ட்ராம்போனில் செய்தார். வேறொரு தலைவர் இதை வேடிக்கைக்காக நடுவில் ஒருமுறை சேர்த்துக்கொண்டு போயிருப்பார். எலிங்டன் இந்த உறுமலை மையத்தில் வைத்து அதைச் சுற்றி இசையைக் கட்டினார். 1926இன் 'ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் டூடில்-ஊ', ஷோப்பானின் சவ ஊர்வல இசையை இறுதியில் எடுத்தாளும் 1927இன் 'பிளாக் அண்ட் டேன் ஃபேன்டசி' ஆகிய இரண்டிலும் மைலியின் பெயரும் ஆக்கியோர் பட்டியலில் இருக்கிறது. என் கணிப்பில் எலிங்டனின் உண்மையான தொடக்கம் இங்கேதான். தன்னிடம் வந்து சேர்ந்த ஒருவரின் விசித்திரத்தைத் திருத்தாமல், அதற்கு ஏற்ற இடத்தை அமைத்துக் கொடுக்கும் வழக்கம் அப்போதே அவருக்கு வந்துவிட்டது.

1927 டிசம்பரில், நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் இருந்த காட்டன் கிளப் என்ற இரவு விடுதியில் குழுவுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், இருக்கைகளில் வெள்ளையர்கள் என்பதே அங்கே விதி; காட்டுவாசிகளைப் போலச் சித்திரிக்கும் நடனக் காட்சிகளுக்கு இசை தருவது வேலையின் ஒரு பகுதி. இந்த இழிவை மறைக்க வேண்டியதில்லை. அதே வேளையில், நடனங்களுக்கும் இடைக்காட்சிகளுக்கும் பாடகர்களுக்கும் ஓயாமல் புதிய இசை தேவைப்பட்ட அந்த இடம் அவருக்கு ஒரு பட்டறையாக அமைந்தது. இன்று எழுதியதை இன்றிரவே கேட்டுப் பார்த்துத் திருத்தும் வசதி அக்காலத்து இசையமைப்பாளர் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? கிளப்பிலிருந்து வானொலியில் ஒலிபரப்பான நிகழ்ச்சிகள் நாடு முழுவதும் அவர் பெயரைக் கொண்டுசென்றன.

அந்தப் பட்டறையில் என்ன விளைந்தது என்பதற்கு 1930இல் ஒலிப்பதிவான 'மூட் இண்டிகோ' ஒன்றே போதும். ட்ரம்பெட், ட்ராம்போன், கிளாரினெட் மூன்றும் சேர்ந்து வாசிக்கும்போது கிளாரினெட் உச்சத்திலும் ட்ராம்போன் அடியிலும் நிற்பதுதான் அன்றைய வழக்கம். எலிங்டன் அதைத் தலைகீழாக்கினார். வாய் அடைத்த ட்ரம்பெட் மேலே மெட்டை ஏந்த, அதற்குச் சற்றுக் கீழே ட்ராம்போன் தன் இயல்புக்கு மீறிய உயரத்தில் அதுவும் அடைத்த குரலில் ஒட்டிவர, கிளாரினெட் வெகுதூரம் இறங்கி மரத்தின் கனத்தோடு அடியில் ஒலிக்கிறது. மூன்றும் சேரும்போது எந்த வாத்தியம் எது என்று காது தடுமாறுகிறது. ஒலிவாங்கியின் முன் இந்தக் கலவைக்கு யாரும் வாசிக்காத இன்னொரு ஸ்வரத்தின் நிழலும் விழுகிறது, அதையும் அவர் கணக்கில் வைத்திருந்தார். இந்த மெட்டில் கிளாரினெட் வாசித்த பார்னி பிகார்டுக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்த மூன்று குரல்களின் அடுக்கு எலிங்டனுடையது. அந்த உருப்படியை நினைத்தவுடன் நம் காதில் முதலில் எழுவது அந்த அடுக்குதான்.

அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிட இசையே அடங்கும். பலருக்கு அது சிறையாக இருந்தது. எலிங்டன் அதைச் சிறுகதையின் அளவாக எடுத்துக்கொண்டார். அதே சமயம் அதை மீறவும் செய்தார். 1935இல் தாயார் இறந்தபின் எழுதிய 'ரெமினிஸிங் இன் டெம்போ' நான்கு பக்கங்களில் பரந்து, பன்னிரண்டு நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது.

அவருடைய கையெழுத்துப் பிரதிகள் இன்று வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கின்றன. அவற்றில் 'முதல் ஆல்ட்டோ', 'இரண்டாம் ட்ரம்பெட்' என்று எழுதியிருக்க வேண்டிய இடங்களில் பெரும்பாலும் ஆட்களின் பெயர்களோ பட்டப்பெயர்களோ இருக்கின்றன: ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசித்த ஜானி ஹாட்ஜஸுக்கு 'ராப்', ட்ரம்பெட் வாசித்த வில்லியம்ஸுக்கு 'கூட்டி'. கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இந்த ஒரு வழக்கத்திலேயே அடங்கிவிடுகிறது என்பேன். ஒருவர் குழுவை விட்டுப் போனால் அவருடைய தாளைப் புதியவரிடம் அப்படியே கொடுத்துவிட முடியாது. எலிங்டன் மாற்றி எழுத வேண்டியிருக்கும். பாரிடோன் சாக்ஸபோன் வாசித்த ஹாரி கார்னி 1927இல் பதினேழு வயதில் சேர்ந்து எலிங்டன் இறக்கும்வரை, நாற்பத்தேழு ஆண்டுகள், உடன் இருந்தார். ஊர் ஊராகப் போகும்போது குழு பேருந்தில் செல்ல, கார்னி காரை ஓட்ட, பக்கத்தில் எலிங்டன் அமர்ந்திருப்பார். பொதுவாக அடிக் குரலுக்குத் துணையாக மட்டும் ஒலிக்கும் பாரிடோனை அவர் ஹார்மனியின் எதிர்பாராத ஸ்வரங்களில் வைத்து எழுதினார் என்றால், அந்த ஸ்வரத்தைக் கார்னி எவ்வளவு நேரம், எந்தக் கனத்தில் நிறுத்துவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததால்தான்.

இனி உரிமை பற்றிய சர்ச்சைக்கு வருகிறேன். 1926 முதல் மேலாளராக இருந்த இர்விங் மில்ஸ் பல பாடல்களில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார். அது அன்றைய வியாபார வழக்கம், அதனால் எலிங்டனே இழந்தார். ஆனால் எலிங்டனும் தன் குழுவினரிடம் அவ்வளவு தாராளமாக நடந்துகொள்ளவில்லை. ஒத்திகையில் ஹாட்ஜஸ் போகிற போக்கில் வாசிக்கும் ஒரு சிறு மெட்டுத் துணுக்கைச் சொற்பப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்வார். அது நாடெங்கும் விற்கும் பாடலாகிவிட்டால் ஹாட்ஜஸ் மேடையிலேயே எலிங்டனைப் பார்த்துப் பணம் எண்ணுவதுபோல் விரல்களைத் தேய்த்துக் காட்டுவார் என்று சொல்வார்கள். நீ இசையமைப்பாளன் அல்லன், தொகுப்பாளன் என்று ட்ராம்போன் கலைஞர் லாரன்ஸ் பிரவுன் நேரிலேயே அவரிடம் சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு. 1936இன் 'காரவான்' மெட்டு ட்ராம்போன் வாசித்த போர்ட்டோ ரிக்கோக்காரர் ஹுவான் டிசோலுடையது. இவற்றை எல்லாம் ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது: இவர்களில் பலர் வெவ்வேறு காலங்களில் பிரிந்துபோய்த் தனிக் குழு நடத்தினார்கள், அங்கே இத்தகைய இசை ஏன் பிறக்கவில்லை? ஹாட்ஜஸே 1951இல் பிரிந்து நான்கு ஆண்டுகள் சொந்தக் குழு வைத்திருந்துவிட்டு, 1955இல் திரும்பி வந்தார். கல்லும் மணலும் அவர்களுடையவை என்று வைத்துக்கொண்டாலும், வீடு எலிங்டனுடையது. பணக் கணக்கில் நேர்மை குறைந்ததை இதனால் நியாயப்படுத்த முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பில்லி ஸ்ட்ரேஹார்னின் இடம் தனி. 1938 டிசம்பரில் பிட்ஸ்பர்க் நகரில் எலிங்டனைச் சந்தித்தபோது அவருக்கு இருபத்து மூன்று வயது. முறையான மேற்கத்திய இசைப் பயிற்சி பெற்றவர். அடுத்த ஆண்டு குழுவோடு இணைந்து, இறக்கும்வரை எலிங்டனின் உடன்-இசையமைப்பாளராக இருந்தார். 1941இல் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் வானொலி நிலையங்களுக்கும் எழுந்த தகராறில், சங்க உறுப்பினரான எலிங்டனின் உருப்படிகள் எதையும் ஒலிபரப்ப முடியாமல் போயிற்று. ஸ்ட்ரேஹார்ன் அப்போது உறுப்பினர் அல்லர். அந்த நெருக்கடியில் அவருடைய 'டேக் தி ஏ ட்ரெயின்' குழுவின் அடையாள இசையானது. தாம் எழுதாத ஓர் உருப்படியோடுதான் எலிங்டன் அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் நிகழ்ச்சிகளைத் தொடங்கினார். பிந்தைய தொகுப்புகளில் எது யாருடைய கை என்று ஆய்வாளர்கள் கையெழுத்துப் பிரதிகளை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். ஸ்ட்ரேஹார்னுக்குச் சேர வேண்டிய புகழ் அவர் வாழ்நாளில் முழுமையாகச் சேரவில்லை.

எனக்குப் பிடித்த காலம் 1940–42தான்; இதில் பலரும் என்னோடு ஒத்துப்போவார்கள். டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தைத் தாளத்துக்கு மட்டும் மீட்டாமல் தனிக்குரலாகப் பேசவைத்த ஜிம்மி பிளாண்டனும், டெனர் சாக்ஸபோன் கலைஞர் பென் வெப்ஸ்டரும் அப்போது குழுவில் இருந்தார்கள். 1940 மார்ச்சில் ஒலிப்பதிவான 'கோ-கோ'வைக் கேளுங்கள். பன்னிரண்டு அளவு (தாளப் பிரிவு) ஒரு சுற்றாக வரும் எளிய ப்ளூஸ் வடிவம், மைனர் சுருதி; ஒவ்வொரு சுற்றிலும் ஒலியின் அடர்த்தி ஒரு படி ஏறுகிறது; நடுவில் ஒரு சுற்றில் எலிங்டனின் பியானோ, குழுவுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டுகளை வீசியதுபோல் முரண் ஸ்வரங்களைச் சிதறவிடுகிறது. மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பிளாண்டன் காசநோயால் 1942இல், இருபத்து மூன்று வயதில் இறந்தார். இந்தக் குழு சாதாரணமான ஓர் இரவில் எப்படி ஒலித்தது என்பதை 1940 நவம்பர் 7 அன்று நார்த் டகோட்டாவின் ஃபார்கோ நகர நடனக் கூடத்தில் இரண்டு இளைஞர்கள் கையோடு கொண்டுபோன கருவியில் செய்த ஒலிப்பதிவு காட்டுகிறது. கூட்டி வில்லியம்ஸ் அப்போதுதான் விலகியிருந்தார். அவர் இடத்துக்கு வந்த ரே நான்ஸுக்குக் குழுவோடு அதுதான் முதல் இரவு.

1943 ஜனவரி 23 அன்று கார்னெகி அரங்கில் அரங்கேறிய 'பிளாக், பிரவுன் அண்ட் பெய்ஜ்' அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வரலாற்றை ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் சொல்ல முயன்றது. ஜாஸ் விமரிசகர்களுக்கு அது போதிய ஜாஸாகப் படவில்லை, மற்றவர்களுக்குப் போதிய சிம்பொனியாகப் படவில்லை. இணைப்புப் பகுதிகளில் தொய்வு இருப்பது உண்மைதான். ஆனால் ஹாட்ஜஸ் வாசிக்கும் 'கம் சண்டே' பகுதியைக் கேட்டபின் அந்தத் தொய்வைப் பற்றிப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

போருக்குப் பின் பெரிய குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. எலிங்டன் தம் பழைய பாடல்களின் உரிமைத் தொகையைக் கொட்டிக் குழுவை நிலைநிறுத்தினார். எழுதியதை மறுநாளே கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் செலவு. 1956 ஜூலை 7 இரவு நியூபோர்ட் ஜாஸ் விழாவில் நிலைமை திரும்பியது. 1937இல் எழுதிய 'டிமினுவெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் புளூ'வின் இரண்டு பாதிகளுக்கு நடுவே டெனர் சாக்ஸபோன் கலைஞர் பால் கொன்சால்வெஸ் இருபத்தேழு சுற்றுகள் தொடர்ந்து வாசித்தார். பன்னிரண்டு அளவு வீதம் முந்நூற்று இருபத்து நான்கு. கூட்டம் நாற்காலிகளின் மேல் ஏறி ஆடியது. அடுத்த மாதமே டைம் இதழின் அட்டையில் எலிங்டன் இருந்தார். அவ்வளவு பெரிய வாசிப்பை கொன்சால்வெஸ் தவறான ஒலிவாங்கியின் முன் நின்று வாசித்துவிட்டார் என்பது வேடிக்கை. இசைத்தட்டில் பல பகுதிகளை ஸ்டுடியோவில் மறுபடி வாசித்துச் சேர்த்திருந்தார்கள். அவர் வாசித்தது ஒரு வானொலி வைத்திருந்த ஒலிவாங்கியில். அந்த நாடா கிடைத்தபின் 1999இல்தான் அன்றிரவின் உண்மையான ஒலி முழுமையாக வெளிவந்தது.

இப்போது பியானோ. எலிங்டன் வளர்ந்தது ஹார்லெமின் 'ஸ்ட்ரைட்' மரபில். இடது கை அடி ஸ்வரத்துக்கும் நடுக் கட்டைகளுக்கும் இடையே தாவித் தாவித் தாளம் வைத்திருக்கும் முறை அது. காலப்போக்கில் அவர் அதிலிருந்து கழித்துக்கொண்டே வந்தார். குழு வாசிக்கும்போது பல அளவுகள் சும்மா இருந்துவிட்டு, சரியான இடத்தில் கனமான இரண்டு ஸ்வரக் கூட்டுகளைப் போடுவார். அது அடுத்து வரப்போகிற பகுதிக்குச் சைகை, தனி வாசிப்பவருக்கு ஓர் உந்துதல், சில நேரம் ஓர் எச்சரிக்கை. அடுத்த தலைமுறை ஜாஸ் கலைஞர் தெலோனியஸ் மங்க்கின் பியானோவில் கேட்கும் முட்களும் மௌனங்களும் எங்கிருந்து வந்தன என்று தேடினால் வழி எலிங்டனிடம் போய்ச் சேரும். 1955இல் மங்க் ஒரு முழு இசைத்தட்டையே எலிங்டனின் உருப்படிகளைக் கொண்டு அமைத்தார். 1962 செப்டம்பரில் பாஸ் வாசித்த சார்லஸ் மிங்கஸ், டிரம்ஸ் வாசித்த மேக்ஸ் ரோச் ஆகிய இருவரோடு ஒலிப்பதிவான 'மணி ஜங்கிள்' அவரை வெறும் குழுத் தலைவராக நினைப்பவர்களுக்குச் சரியான மறுமொழி. மிங்கஸ் ஒரு காலத்தில் எலிங்டனின் குழுவிலிருந்து நீக்கப்பட்டவர். தம்மைவிட இருபது வயதுக்கு மேல் இளையவர்களான இந்த இருவருக்கும் நடுவே அறுபத்து மூன்று வயது எலிங்டன்தான் மூவரிலும் கடுமையாக ஒலிக்கிறார். அதே மாதத்தில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோடு சேர்ந்து ஒலிப்பதிவு செய்தபோது 'இன் எ சென்டிமென்டல் மூட்' தொடக்கத்தில் அவர் வாசிக்கும் சிறு மணியோசை போன்ற மெட்டுத் துணுக்கு, பாடலின் மெட்டைவிடப் பலருக்கு நினைவில் நிற்கிறது.

1963 இலையுதிர் காலத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறை அவருடைய குழுவை டமாஸ்கஸ் தொடங்கி மேற்காசியாவுக்கும் தெற்காசியாவுக்கும் அனுப்பியது. பனிப்போர்க் காலப் பண்பாட்டுத் தூதர் பணி அது. உள்நாட்டில் சம உரிமைக்காகக் கறுப்பின மக்கள் தெருவில் போராடிக்கொண்டிருந்த ஆண்டில், அந்த நாட்டின் பெருமையை வெளியே எடுத்துச்சொல்ல அனுப்பப்பட்டவர்களும் கறுப்பினக் கலைஞர்கள்தான். டெல்லி, மதராஸ், கொழும்பு ஆகியவை அந்தப் பயணத்தில் இருந்தன. நவம்பரில் அமெரிக்க அதிபர் கென்னடி கொல்லப்பட்டதும் பயணம் பாதியில் நின்றது. அதிலிருந்து பிறந்ததே 1966 டிசம்பரில் ஒலிப்பதிவான 'ஃபார் ஈஸ்ட் சூட்' என்ற தொகுப்பு. தூரக் கிழக்கு என்ற பெயர் பொருந்தாது. ஜப்பானைப் பற்றிய ஒன்றைத் தவிர மற்றவை அந்தப் பயணத்தின் நினைவுகள். போன இடத்து ராகத்தையோ தாளத்தையோ அவசரமாக எடுத்து ஒட்டிவைக்கவில்லை என்பதே இதன் சிறப்பு. 'புளூபேர்ட் ஆஃப் டெல்லி'யில் ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட் ஒரு மைனாவின் குரலைத் திரும்பத் திரும்பப் பாடுகிறது. தாஜ் மகாலை நினைத்து எழுதிய 'ஆக்ரா' கார்னியின் பாரிடோனுக்கு உரியது. தொகுப்பின் மணிமுடியான, ஈரானிய நகரின் பெயர் தாங்கிய 'இஸ்ஃபஹான்' ஸ்ட்ரேஹார்ன் பயணத்துக்கு முன்பே வேறு பெயரில் எழுதிவைத்திருந்தது. ஹாட்ஜஸின் ஆல்ட்டோ அதில் வழுக்கி இறங்கும் விதத்தைக் கேட்டால், அது அந்த நகரத்துக்காகப் பிறக்கவில்லை என்று நம்புவது கடினம்.

1965இல் புலிட்சர் இசைப் பரிசுக் குழுவின் நடுவர்கள் அவருக்குச் சிறப்பு விருது தரப் பரிந்துரைத்தார்கள், வாரியம் மறுத்துவிட்டது. அறுபத்தாறு வயதில் அவர் சொன்னது, மிகச் சிறு வயதிலேயே எனக்குப் புகழ் வந்துவிடக் கூடாது என்று விதி கருணையோடு நினைக்கிறது என்பது. அந்தச் சிறப்பு விருது 1999இல், அவர் இறந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் வந்தது. எழுபதாவது பிறந்த நாளன்று வெள்ளை மாளிகையில் நாட்டின் உயரிய குடிமக்கள் விருதைப் பெற்றார்; கடைசி ஆண்டுகளில் தேவாலயங்களுக்கென்று மூன்று புனித இசை நிகழ்ச்சிகளை எழுதினார்; 1974 மே 24 அன்று நியூயார்க்கில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஹாரி கார்னியும் போய்ச் சேர்ந்தார்.

கேள்வி கேட்டவர் ஒரே ஒரு ஒலிப்பதிவைக் கேட்பதாக இருந்தால் நான் எடுத்துத் தருவது இது. ஸ்ட்ரேஹார்ன் 1967 மே மாதம் புற்றுநோயால் இறந்தார். அந்த ஆகஸ்டில் எலிங்டனின் குழு அவருடைய உருப்படிகளை மட்டும் வைத்து ஓர் இசைத்தட்டை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியது. ஒரு நாள் வேலை முடிந்து குழுவினர் வாத்தியங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கும்போது எலிங்டன் மட்டும் பியானோவை விட்டு எழவில்லை. தாம் வாசிக்க ஸ்ட்ரேஹார்ன் மிக விரும்பிக் கேட்ட 'லோட்டஸ் பிளாஸம்' என்ற உருப்படியை வாசிக்கத் தொடங்கினார். ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. பின்னணியில் பேச்சுக் குரல்களும் சாமான்கள் நகரும் ஓசையும் கேட்கின்றன. வாசிப்பு போகப்போக அவை ஒவ்வொன்றாக அடங்குகின்றன.